ஆட்சேபணை இல்லை என்று நான் எழுதியது

கலெக்டர் கச்சேரியில் மொழிபெயர்ப்பு மேசைக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு,

உங்களில் ஒருவர் போன வாரம் என் வீடு தேடி வந்திருந்தார். கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல், "ஐயா, வேண்டாம் என்று சொல்வதற்கு இங்கிலீஷில் மொத்தம் எத்தனை வார்த்தை?" என்று கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். விளையாடவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதி, காரம் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். டிஸ்அப்ரூவ் என்றால் முகம் சுளிப்பது. அப்ஜெக்ட் என்றால் எழுந்து நின்று ஆட்சேபிப்பது. புரொட்டஸ்ட் என்றால் நாலு பேர் காதில் விழச் சொல்வது. ரெசென்ட் என்றால் மனசுக்குள் வைத்துப் புழுங்குவது. கண்டெம் என்றால் ஒரேயடியாகப் பழித்துத் தள்ளுவது. டிஃபை என்றால் 'உன்னால் ஆனதைப் பார்த்துக்கொள்' என்று மார் தட்டுவது. அந்த நோட்டை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

அடிவாரத்து விவசாயி ஒருவர் ஒரு மனு கொடுத்தார். புது ரோடு தன் கிணற்று மேட்டின் வழியாகப் போவதில் தனக்கு இஷ்டமில்லை என்பதுதான் விஷயம். இஷ்டமில்லை என்பது எனக்குச் சப்பென்று இருந்தது. டிஃபை என்று போட்டேன். மூன்றாம் நாள் கலெக்டர் துரை ஆள் விட்டு அவரை வரவழைத்தார். சர்க்காருக்குச் சவால் விடுகிறாயா என்று கேட்டால் அந்த மனிதர் என்ன சொல்வார்? கை கூப்பியபடி நின்றார். எங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளர் விறுவிறுவென்று உள்ளே போய், "தப்பு எங்கள் மேசையினுடையது, மனுதாரருடையது அல்ல" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்து, "காரம் போடறது நீ, வயிறு எரியறது அவனுக்கு. இனிமே எழுதறதுக்கு முன்னாலே அந்த மனுஷன் மூஞ்சியைப் பாரு" என்றார். அவர் பேரை நான் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

அன்றிலிருந்து முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். முகத்தைப் பார்த்தும் ஏமாந்த கதையைத்தான் இப்போது எழுத வந்திருக்கிறேன். இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

கொல்லிமலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; அதில் குண்டனி நாட்டைச் சேர்ந்த ஒரு சிற்றூர். ஊர்ப் பேர் வேண்டாம். நான் முதன்முதலாக மலை முகாமுக்குப் போனபோது மலைக்காய்ச்சல் என்னைப் படுக்கையில் போட்டுவிட்டது. துரையின் கூடாரம் அடுத்த நாட்டுக்கு நகர்ந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு போக முடியாமல் அந்த ஊரில் சடையன் என்பவன் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். சடையனுக்கு என் வயசுதான். அந்த வீட்டில் அவனும் அவன் தாயும் மட்டும். ஒரு மாதத்துக்கு மேல் அங்கே கிடந்தேன்.

முதல் வாரம் என்னைச் 'சாமி, சாமி' என்று பூப்போலப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் எழுந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு மரியாதை போய்விட்டது. சாமைச் சோற்றில் ஒரு கை மிச்சம் வைத்தால் ஆத்தா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்ப்பார்.

"ஏன் சாமி மிச்சம் வெக்கறே? சாமை என்ன மானத்துல இருந்தா கொட்டுது? எலும்பு மேல துணியைப் போத்துன மாதிரி இருந்துக்கிட்டு இந்தக் கொழுப்பு வேறயா? தின்னு."

காய்ச்சல் தெளிந்ததும் சடையனோடு மேல்சரிவுக்குப் போவேன். ஏர் நிற்காத சரிவு அது. கொத்தால் கொத்தித்தான் விதைக்க வேண்டும். கொத்துக்காடு என்பார்கள். நானும் அடிவாரத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன்தான் என்று வீறாப்பாகக் கொத்தை வாங்கினேன். நாலு போடு போடுவதற்குள் சடையன் கெக்கலி கொட்டினான்.

"பங்காளி, நீ கொத்துப் புடிக்கற லட்சணத்தைப் பாத்தா, பேனாவை எந்தப் பக்கம் புடிக்கறியோன்னு சந்தேகமா இருக்குது!"

என் சொந்த வீட்டில் என்னை யாரும் திட்டியதில்லை. இங்கிலீஷ் படித்த பிள்ளை என்று அப்பாகூடத் தள்ளி நின்றுதான் பேசுவார். அந்த மலை வீட்டில் வாங்கிய திட்டுகளில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதற்கப்புறம் மூன்று வருஷம், முகாம் மலைக்குப் போகும்போதெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பேன். திரும்பும்போது வீட்டுக்குப் பின்னால் வாழைக்குள் இறங்குகிற குறுக்குப் பாதையில், சந்தை கூடும் செம்மேட்டுக்குப் போய்விடுவேன். யாரும் என்னை வழியனுப்ப மாட்டார்கள். சரிவிலிருந்தபடியே சடையன், "போறியா?" என்று சத்தம் போடுவான். "போறேன்" என்று நானும் சத்தம் போடுவேன். அவ்வளவுதான்.

நாலாம் வருஷம் மலைக்காடுகளை ரிசர்வு காடாக்கும் உத்தரவோடு ஒரு துரை வந்தார். ஊர் ஊராகப் போய் உத்தரவைப் படிக்க வேண்டும், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்க வேண்டும், பதில் எதுவோ அதை எழுதிக்கொள்ள வேண்டும். நல்ல மனிதர் அவர். கெடுபிடி உண்டு, வஞ்சகம் கிடையாது. வளப்பூர் நாட்டில் ஒரு ஊரார் ஆட்சேபித்தபோது, அவர்கள் கேட்ட சரிவை வரைபடத்தில் கோடு போட்டு விட்டுக்கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். அங்கே நாங்கள் ஊரைத் தாண்டிக் கிளம்பின பிறகுதான் ஆட்கள் வழியில் நிறுத்திச் சொன்னார்கள். ஊருக்குள் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூளை எப்போது தூங்குமென்று யாருக்குத் தெரியும்?

அடுத்தது சடையனின் ஊர். உத்தரவின்படி அந்த மேல்சரிவு முழுவதும் ரிசர்வுக்குள் போகிறது. அது போனால் அவர்களுக்கு அரை வருஷச் சோறு போச்சு. எனக்குப் பயமில்லை. ஒரு வார்த்தை ஆட்சேபித்தால் இந்தத் துரை விட்டுக்கொடுப்பார், அந்த வார்த்தையை எழுதப் போகிறவன் நான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

காலையிலேயே ஊரார் சமைத்து வைத்திருந்தார்கள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, பலாச்சுளை, தேன். துரை ரசித்துச் சாப்பிட்டார். பிறகு உத்தரவைத் தமிழில் படித்தேன். மேல்சரிவு என்ற இடத்தை இரண்டு தடவை அழுத்திப் படித்தேன்.

"யாருக்காவது ஆட்சேபணை உண்டுங்களா?"

சத்தமில்லை. மறுபடி கேட்டேன். பெரிய கவுண்டர், அந்த ஊர்த் தலைவர், துரையைப் பார்த்துச் சிரித்தார்.

"தொரைக்கு இன்னுங் கொஞ்சம் பலாச்சொளை வெக்கட்டுங்களா?"

மூன்றாம் தடவை கேட்டேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கோபமில்லை, பயமில்லை. கல்யாண வீட்டு முகங்கள். சடையனைப் பார்த்தேன். அவன், 'எல்லாம் சரி' என்பதுபோல் தலையசைத்தான். கீழே ஏர் உழுகிற காடு மட்டும் போதும் என்று முடிவு செய்துவிட்டார்களோ? எனக்குத் தெரியாமல் ஏதாவது பேசி வைத்திருக்கிறார்களோ? துரை கடிகாரத்தைப் பார்த்தார். மேற்கே மேகம் திரண்டிருந்தது. மௌனம் சம்மதம் என்று நம்மவர்களே சொல்லியிருக்கிறார்களே என்று சமாதானம் செய்துகொண்டு, நோ அப்ஜெக்ஷன் என்று எழுதினேன். துரை கையெழுத்துப் போட்டார். மழைக்கு முன்னால் செம்மேடு போய்ச் சேர வழி உண்டா என்று கேட்டார். இந்த ஊர் எனக்கு உள்ளங்கை மாதிரி என்று காட்டிக்கொள்ள இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? வாழைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் நானே முன்னால் நடந்தேன்.

மறுநாள் செம்மேட்டில் சந்தை. மிளகு மூட்டைகளுக்கு நடுவே சடையன் என்னைத் தேடிக்கொண்டு வந்தான்.

"ஏன் பங்காளி, நேத்து எந்த வழியா போனீங்க?"

"நம்ம குறுக்குப் பாதையிலதான். மழை வந்துருச்சே."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"தொரை வருவாருன்னு முன்னாலயே போயி, ஊரே பெரிய பாதையில எல்லைக்கல்லுகிட்ட நின்னுது. பொழுது உழுகற வரைக்கும் நின்னோம். பெரிய கவுண்டரு நனைஞ்சு நடுங்கிப் போயிட்டாரு. மேக்காட்டு மண்ணு ஒரு புடி எடுத்து ஆத்தா முந்தியில முடிஞ்சு வெச்சிருந்தா, தொரை கையில குடுத்துச் சொல்லோணும்னு."

"ஊருக்குள்ள மூணு தடவை கேட்டனே! அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"அதெப்பிடி? நம்ம சோறு அவரு வயித்துல இருக்குது, நம்ம பாய்ல அவரு ஒக்காந்திருக்காரு. அவரு மூஞ்சிக்கு நேரா எப்பிடி எதுத்துப் பேசறது? வந்தவரை எல்லை வரைக்கும் கொண்டு போயி உட்டு, அங்க வெச்சுத்தான் மனசுல கெடக்கறதைச் சொல்றது. எங்க மொறை அது. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்?"

"எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே, சடையா."

"உன்னைய எதுக்கு எல்லைக்குக் கொண்டு போறது? நீ ஊட்டு ஆளு. உன்னைத் திட்டோணும்னா அடுப்படியிலயே திட்டிப்போடுவோம்."

சடையன் எழுந்து கையை நீட்டிக் காட்டினான். துரையின் கூடாரம் சந்தைக்கு அந்தப் புறம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தது.

"இன்னும் தொரை போகலியே. நீ போயி நடந்ததைச் சொல்லிப்போடு பங்காளி. அவரைக் கூட்டியாந்தியின்னா, எல்லைக்கல்லுக்கு நாங்க மறுக்கா வர்றோம்."

தம்பிகளே, இந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். அவன் கேட்டது சின்ன விஷயம். நான் கூடாரத்துக்குள் போய், 'நேற்று நான் எழுதியது தவறு, நான்தான் அவசரப்பட்டேன்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் எனக்கு வேலை இன்னும் உறுதியாகவில்லை. முகாம் முடிந்ததும் என்னைப் பற்றி நாலு வரி எழுத வேண்டியவர் அந்தத் துரை. ஊரின் வழக்கம் தெரியாமல் பதிவு எழுதி, அவரையும் தப்பான வழியில் கூட்டிப் போனவன் என்று அந்த நாலு வரியில் வந்தால்?

"வாயில சொல்றதைவிட மனுவா எழுதிக் குடுத்தா பலம் அதிகம். நான் எழுதித் தாரேன்" என்றேன்.

"உனக்குத் தெரியாததா பங்காளி?" என்றான் சடையன். அவன் என்னை நம்பினான்.

மலையிறங்கி வந்ததும் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பயந்தவனுக்கு வருகிற வீரம் இருக்கிறதே, அது பொல்லாதது. புரொட்டஸ்ட் போட்டேன், ரெசென்ட் போட்டேன், கண்டெம் போட்டேன். நோட்டின் கடைசிப் பக்கம் வரை போய்விட்டேன். என் கையெழுத்து தெரியக்கூடாதென்று மனு எழுதுகிற ஒருவரிடம் கொடுத்துப் படியெடுக்கச் செய்தேன். சடையன் அதை மலைக்குக் கொண்டுபோய் ஊராரிடம் கைநாட்டு வாங்கி அனுப்பினான். இதற்குமேல் ஒரு துரையால் மறுக்க முடியுமா என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துத் துரை என்னையும் தலைமை மொழிபெயர்ப்பாளரையும் உள்ளே கூப்பிட்டார். மனு மேசை மேல் இருந்தது. விரலால் அதைத் தள்ளினார்.

"இது அந்த மனிதர்களின் பேச்சே இல்லை. அவர்கள் எனக்குத் தேன் கொடுத்தார்கள். மூன்று முறை கேட்டும் ஒரு மறுப்பு சொல்லவில்லை. கீழ்நாட்டுக் கிளர்ச்சிக்காரன் எவனோ புகுந்து எழுதியிருக்கிறான். நீ அங்கே இருந்தாய். உன்னையே கேட்கிறேன். அன்றைக்கு யாராவது ஆட்சேபித்தார்களா?"

உண்மையைச் சொல்ல இன்னொரு தடவை கதவு திறந்தது. இப்போதாவது உள்ளே நுழைந்திருக்கலாம். தலைமை மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அவர் பார்வையில் அவசரமில்லை. நான் சொல்வதற்கு நேரம் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"இல்லை, சார்" என்றேன்.

அதில் பொய் ஒன்றுமில்லை. யாரும் ஆட்சேபிக்கவில்லைதான். பொய்யாக இருந்திருந்தால் பிறகாவது ஒரு நாள் மாட்டிக்கொண்டிருப்பேன். துரை மனுவின் மூலையில் தள்ளுபடி என்று எழுதினார். வெளியே வந்ததும் தலைமை மொழிபெயர்ப்பாளர், "மூஞ்சியைப் பாத்துட்டேன் தம்பி" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அந்த மாதக் கடைசியில் எனக்கு வேலை உறுதியானது.

மேல்சரிவைச் சுற்றி ரிசர்வு கல் நட்டார்கள். அடுத்த வருஷம் முகாம் மலைக்குப் போனபோது வயிற்றுவலி என்று சொல்லிக் கச்சேரியிலேயே தங்கிவிட்டேன். ஆனால் மனசு தங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் ஆத்தாவின் குரல் கேட்கும். அவர்கள் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினால் போதும், காலில் விழுந்துவிடலாம் என்று ஏங்கினேன். வசவு வாங்க இவ்வளவு ஆசைப்பட்ட ஆள் இந்தக் கச்சேரியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடைசியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தனியாக மலையேறினேன்.

நான் போனபோது சடையன் வாசலில்தான் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்க, வாங்க. ஒக்காருங்க" என்றான்.

இத்தனை வருஷமாக அந்த வாயிலிருந்து எனக்கு 'ங்க' வந்ததில்லை. உள்ளே பாய் விரித்தான். வழக்கமாக அடுப்பருகே மண் தரையில் உட்காருகிறவன் நான். ஆத்தா வாழையிலை போட்டுச் சோறு வைத்தார். சாமைச் சோறு அல்ல, நெல்லுச்சோறு. எங்கே போய் வாங்கினார்களோ. வேண்டுமென்றே பாதிச் சோற்றை மிச்சம் வைத்தேன். வைத்துவிட்டு ஆத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"போதுங்களா சாமி?" என்று கேட்டார். போதும் என்றேன். இலையைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போனார்.

நான் கிளம்பும்போது சடையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். ஆத்தாவும் வந்தார். பெரிய கவுண்டரும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டார். வாழைப் பக்கம் திரும்பவில்லை. பெரிய பாதையிலேயே கூட்டிப் போனார்கள். அப்போதுதான் நான் அந்த எல்லைக்கல்லை முதல் தடவையாகக் கவனித்துப் பார்த்தேன். முழங்கால் உயரம்கூட இல்லை.

இங்கே சொல்லலாம். இங்கேதான் சொல்வார்கள். நான் கல்லைத் தாண்டாமல் நின்றேன். யாரும் வாய் திறக்கவில்லை. நானே ஆரம்பித்தேன். கூடாரத்துக்குப் போகப் பயந்ததை, மனுவில் நான் ஏற்றிய காரத்தை, துரை நேராகக் கேட்டபோது இல்லை என்று சொன்னதை, ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

"சடையா, நாலு வார்த்தை திட்டு. ஆத்தா, நீங்களாவது திட்டுங்க."

ஆத்தா தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். சடையன் பேசியபோது குரலில் கோபமே இல்லை.

"சொல்றதுக்குத்தானுங்க அன்னைக்கு வந்து நின்னோம். இப்பச் சொல்லி என்னாகப் போகுதுங்க? மழை வர்ற மாதிரி இருக்குது. பாத்து எறங்குங்க."

"சரிங்க" என்றேன். அவனிடம் வேறு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.